இரண்டு கை அகல வாசல்

— மொழக் கணக்கெல்லாம் வேணாம் தேவநாதண்ணா, அங்குலத்துல சொல்லு. என் மூணு சக்கர வண்டி முப்பத்தாறு அங்குலம். வாசல் முப்பத்தஞ்சா இருந்துதுன்னா சங்கத்து டூருக்கு வர்ற நீங்க எட்டுப் பேரும் உள்ள தூங்குவீங்க, நான் தெருவுல கெடக்கணும்.

— அங்குலத்துக்கு நான் எங்கம்மா போவேன் செல்வி? கண்ணு இல்லாதவனுக்குக் கையிதான் அளவுகோலு. வாசல்ல நின்னுக்கினு ரெண்டு கையையும் இப்பிடி விரிச்சேன். இந்தப் பக்கமும் செவுரு தொடல, அந்தப் பக்கமும் செவுரு தொடல.

— கையை எறக்கு, டைப்ரைட்டிங் மெஷின் கீழ விழப் போவுது. வாசல், ரெண்டு கை அகலம். எழுதிக்கினேன். அடுத்தது. படி எத்தனை?

— படி இல்ல.

— இல்லன்னா? ஒண்ணா, ரெண்டா?

— இல்லன்னா இல்லம்மா. சரிவு. சிமெண்ட்டு சரிவு. அதுவும் வழவழன்னு கெடையாது. சீப்பு பல்லு மாதிரி வரி வரியா இழுத்து வெச்சிருக்குது. செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் பாத்தேன், எறங்கிப் பாத்தேன், கோலை அக்குள்ல இடுக்கிக்கினு கைவீசி நடந்தும் பாத்தேன். கால் ஒரு நூல் வழுக்கல.

— பொய் சொல்லாத அண்ணா. இந்த ஜில்லாவுல எந்தப் புண்ணியவான் சரிவு வெச்சுக் கட்டினான்? நான் ஊனமுற்றவதான்னு சர்டிபிகேட் வாங்கப் போன ஆபீசுலயே பதினோரு படி. உக்காந்து உக்காந்து மேல போய்ச் சேந்தா, "அதான் ஏறி வந்துட்டியேம்மா, அப்புறம் என்ன ஊனம்"னு கேக்கறாரு அந்த கிளார்க்கு.

— எனக்கு மட்டும்? "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னு பேனாவைக் குடுத்தான். "எங்க"ன்னேன். "தெரியல? இங்கதான்"னான்.

— சிரிப்பு மூட்டாத. இது சிரிக்கற விஷயம் இல்ல. போன வாரம் அந்தக் கடலோர லாட்ஜுக்கு போன் பண்ணேன், ஞாபகம் இருக்குதா? ஏழு படிதாம்மா, ரெண்டு ஆளு இருக்காங்க, அலாக்கா தூக்கிக்கினு வந்துடுவாங்கன்னான். அப்படியே போனை வெச்சுட்டேன்.

— வெச்சியா? நாலு வார்த்தை கேட்டுட்டுல்ல வெச்ச. இன்ஸ்டிட்யூட்டுல டைப் அடிக்கறவங்க பத்து பேரும் கையை நிறுத்திட்டாங்க.

— பின்ன? எனக்கு முப்பத்திமூணு வயசாவுது. வேளாங்கண்ணிக்கு எங்கப்பா சவரிராயன் தோள்ல போனேன். ஸ்கூலுக்கு எங்கண்ணன் முதுகுல போனேன். மாமா கல்யாணத்துக்கு நாற்காலியோட தூக்கிக்கினு போனாங்க, மாப்பிள்ளையை விட்டுட்டு ஜனம் பூரா என்னைப் பாத்துது. ஏசுவே, ஒரு எடத்துக்காவது என் வண்டியை நானே மிதிச்... கையால சுத்திக்கினு, வாசல் தாண்டி உள்ள போய், "வந்துட்டேன்"னு சொல்லணும். அவ்வளவுதான் என் டூரு. கடலு அதுக்கு அப்புறம்தான்.

— சொல்லுவ, சொல்லுவ. அதுக்குத்தான நான் போய்ப் பாத்துட்டு வந்திருக்கேன். கேளு அடுத்தது.

— அடுத்தது தண்ணி.

— தொட்டி. நீட்டமா, முட்டி ஒயரத்துல. உன் வண்டியில உக்காந்த வாக்குலயே மொண்டு மூஞ்சி கழுவலாம். எட்டிப் பாக்க வேணாம், யாரையும் கூப்பிட வேணாம்.

— முட்டி ஒயரத்துல தொட்டி! அடுத்தது, புடிச்சுக்க ஏதாவது இருக்குதா? கெங்கம்மாளுக்கு ஒத்தக் காலு. நானும் கால்ல இரும்புக் காலிப்பர் போட்டா ரெண்டு நிமிஷம் நிப்பேன், புடிமானம் இருந்தா.

— அத்த ஏன் கேக்கற! முத்தத்துல ரெண்டு பக்கமும் இரும்பு பைப்பு நட்டு வெச்சிருக்குது. இடுப்பு ஒயரத்துல ஒண்ணு, நெஞ்சு ஒயரத்துல ஒண்ணு. நடுவுல நின்னுக்கினு ரெண்டு கையாலயும் புடிச்சா, நீ நாட்டியமே ஆடலாம். ஆட்டிப் பாத்தேன், அசையல.

— இரு இரு, எழுதிக்கறேன். இரும்பு... பைப்பு... ரெண்டு வரிசை. யாரோ நம்மளாட்டம் ஒருத்தரை வீட்டுல வெச்சிருந்தவங்கதான் கட்டியிருக்கணும் அண்ணா. அடுத்தது. லைட்டு?

— செல்வி, அத்த என்னைக் கேக்கறியே?

— ஐயோ, ஆமா. சாரி அண்ணா.

— எதுக்கு சாரி? பாத்துட்டுத்தான் வந்தேன். சுவிட்சைத் தடவிக் கண்டுபுடிச்சு போட்டேன். பல்பு தாழத்தான் தொங்குது. கொஞ்சம் பொறுத்து கை வெச்சேன், சுள்ளுன்னு சுட்டுது. எரியுது. மூணு ரூமு, மூணு பல்பு. நடு ரூமுல இருக்கறது நூறு வாட்ஸா இருக்கும், கொப்புளம் பெருசு.

— கடவுளே, விரலைக் காட்டு! அதனாலதான் நேத்து நாற்காலி பின்ன வரலையா?

— ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிக்கு ஒரு நாள் பிரம்பு இல்லன்னா ரயிலு நின்னுடாது. அடுத்தது கேளு.

— அடுத்தது... பொம்பளைங்க விஷயம். கக்கூஸ்.

— பின்னால குவார்ட்டர்ஸ்ல இருக்குது. ஒரு டாக்டரு குடும்பத்தோட அங்கயே குடியிருக்காரு. கீழ குந்தற மாடல்தான். ஆனா அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். நான் நாற்காலி பின்றவன்ல? பழைய தேக்கு நாற்காலி ஒண்ணு எடுத்து, நடுவுல மட்டும் பின்னாம விட்டுடறேன். கைப்புடி இருக்கும், சாஞ்சுக்க முதுகு இருக்கும். மகாராணி மாதிரி உக்காரலாம்.

— தேவநாதண்ணா, நீ எங்க இருக்க வேண்டிய ஆளு! டாக்டரு வேற கூடவே இருக்காரா? லட்சுமியம்மாளுக்கு ராத்திரில மூச்சு வாங்கும், அவங்கதான் வரமாட்டேன்னு நின்னாங்க. இப்ப வந்துடுவாங்க. சரி, கடலு எத்தனை தூரம்?

— வாசல்லருந்து எட்டு வெச்சு எண்ணினேன், நூத்தி எண்பது. அப்புறம் மணலு. ஆனா கட்டுமரம் இழுத்து இழுத்து ஒரு தடம் இறுகிக் கெடக்குது. அதுல வண்டி போவும். நானே குந்தி அமுக்கிப் பாத்தேன். உங்க கிறிஸ்துவ ஆளுங்க குப்பம்தான் அது, சொன்னா அந்தத் தடத்து மேல ரெண்டு தென்னங்கீத்தும் போட்டுத் தருவாங்க.

— அண்ணா, எனக்கு மயிர்க்கூச்செறியுது. புரோகிராமையும் அடிச்சு வெச்சிருக்கேன், கேளு. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு விழுப்புரத்துல கெளம்பறோம். பதினொன்னரைக்கு சேர்றோம். சாயந்திரம் நாலு மணிக்கு கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து காட்சி காணுதல்.

— யாரு காணுதல்?

— நாமதான்.

— நீ ஏற முடியாது. நான் ஏறிடுவேன், காண முடியாது. ஒண்ணு செய்யலாம். நான் மேல ஏறி நின்னுக்கறேன், நீ கீழருந்து "இப்ப கப்பல் போவுது, பாரு பாரு"ன்னு கத்து.

— கோடு போட்டு அடிச்சுட்டேன்! அடிச்சுட்டேன்! சூரிய உதயத்தையும் அடிச்சுட்டேன், சரியா? நம்ம பச்சைமுத்துவுக்காக வெச்சிருந்த பாட்டுக் கச்சேரியும் போச்சு. அவனுக்குக் காது கேக்காதுன்னு இப்பதான் தோணுது.

— இருக்கட்டும்மா. பச்சைமுத்து ஹார்மோனியத்து மேல கை வெச்சுக்கினே தலையாட்டுவான். அவன் நம்ம எல்லாரையும் விட நல்லா தாளம் போடுவான்.

— டீச்சரம்மோவ்! உள்ள வர்லாமா? வெளிய வெயிலு பேஜாரா இருக்குது.

— வாங்க சக்கரபாணி, இப்பதான் உங்களை நினைச்சேன். அண்ணா, திண்டிவனத்துலருந்து டெம்போக்காரர் வந்திருக்காரு. வண்டி நம்ம தேதிக்குக் கெடைக்கும்ல?

— கெடைக்காம இன்னா? புதன்கிழமை சந்தைக்கு மாடு ஏத்தறேன், மத்த நாளு மல்லாட்டை மூட்டை. சனி, ஞாயிறு உங்க கையில வுட்டுட்டேன். இன்னா தேவநாதா, நல்லா கீறியா? எடம் அமைஞ்சுதாமே, எங்க நைனா?

— உப்பளம் தாண்டி, குப்பத்துக்கு முன்னாடி. பஸ்ஸை வுட்டு எறங்கி சோத்தாங்கை பக்கம்.

— அங்க ஏது லாட்ஜு? அந்த ரூட்ல பன்னெண்டு வருஷமா போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். புளியமரம் ஒண்ணு நிக்கும், அத்தாண்ட மஞ்சா பில்டிங்கு...

— மஞ்சளா நீலமான்னு என்னைக் கேட்டா?

— முன்னால சரிவு கீதா?

— கீது.

— சிமெண்ட்டு சரிவு, கோடு கோடா? உள்ளாற நீட்டுக்குத் தொட்டி? முத்தத்துல பைப்பு நட்டு, கூண்டாட்டம்?

— பாத்தியா செல்வி, இவருக்கும் தெரிஞ்ச எடம்தான்.

— ஐயய்யய்ய! அடேய் தேவநாதா! யப்பா... சிரிச்சு சிரிச்சு வயிறு புடிச்சுக்கிச்சு... டீச்சரம்மா, தண்ணி, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க...

— இந்தாங்க. சிரிச்சது போதும், விஷயத்தைச் சொல்லுங்க.

— அது மாட்டாஸ்பத்திரிம்மா!

— என்னது?

— மாட்டாஸ்பத்திரி! கால் ஒடஞ்ச மாட்டை ஏத்தத்தான் அந்தச் சரிவு. மாடு தண்ணி குடிக்கத்தான் அந்தத் தொட்டி. அந்தப் பைப்பு கீதே, அதுக்குள்ளாறதான் மாட்டை நிக்க வெச்சுக் கட்டி ஊசி போடுவாங்கோ! என் வண்டியிலயே எத்தனி வாட்டி இட்டுக்கினு போயிருக்கேன்!

— தேவநாதண்ணா.

— சொல்லும்மா.

— எல்லாருக்கும் சொல்லி வெச்சுட்டேன். லட்சுமியம்மாள் புதுப்புடவை எடுத்துட்டாங்க. கெங்கம்மாள் அரிசி முறுக்கு சுட ஆரம்பிச்சாச்சு. நான் என்ன, கோமாரிக்கு ஊசி போட்டுக்கவா போறேன்?

— தப்புதாம்மா. தடவிப் பாக்கச் சொல்லோ எல்லாம் சரியா இருந்துது. கண்ணு இல்லாதவனை எடம் பாக்க அனுப்பினா இப்பிடித்தான் ஆவும்.

— அந்தப் பேச்சு வேணாம். நான்தான் அனுப்பினேன். என் வண்டியை பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டாங்க, அதனால அனுப்பினேன்.

— வுடு செல்வி. வேற எடம் பாப்போம். அந்த லாட்ஜுக்கே திரும்ப போன் போடு. ஏழே ஏழு படி. ரெண்டு ஆளுதான் இருக்காங்கல்ல, அலாக்கா தூக்கிக்கினு போவட்டும். வழக்கமா தூக்கறதுதான.

— என்ன சொன்ன?

— இல்ல, ஊர்ல ஒலகத்துல எல்லாரும் அப்பிடித்தான...

— வாயை மூடு அண்ணா. சக்கரபாணி, நீங்க சொல்லுங்க. சந்தைக்கு மாடு ஏத்தறப்ப டெம்போவுல எப்படி ஏத்துவீங்க?

— பலகை போட்டுத்தான். நல்ல வேங்கைப் பலகை, இத்தாந்தண்டி. மாடு அதும்பாட்டுக்கு நடந்து ஏறிக்கும்.

— தூக்கிப் போடறதில்லையா?

— மாட்டைத் தூக்குவாங்களாம்மா? மிரண்டுக்கும். அதுக்கு ரோஷம் ஜாஸ்தி.

— என்னை எப்படி ஏத்தறதா இருந்தீங்க?

— உங்களையா... அது இன்னான்னா, நானு, எங்க கிளீனரு, ஸ்டேண்டுல இன்னும் ரெண்டு பேரு... கையைப் புடிச்சி, காலைப் புடிச்சி...

— ம். சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?

— பேஜாராப் பூடுச்சிம்மா. நான் இத்தினி நாளு இத்த யோசிக்கவே இல்ல.

— அந்தப் பலகை எவ்வளவு கனம் தாங்கும்?

— ஜெர்சி மாடு ஏறுதும்மா. சினை ஜெர்சி.

— நானும் என் வண்டியும் சேந்து சினை ஜெர்சியை விடக் கம்மியா இருப்போமா, மாட்டோமா?

— பாதி கூட வரமாட்டீங்கோ.

— அப்ப சனிக்கிழமை பலகையைக் கொண்டாங்க. கழுவிட்டுக் கொண்டாங்க. அந்த ஆஸ்பத்திரியில மாடு எப்பப்ப வரும்?

— சனிக்கிழமை மத்தியானத்தோட சரி. ஞாயித்துக்கிழமை லீவு. வரவங்க போறவங்க படுக்க முன்பக்கம் ஒரு ஹாலு கீது. இப்பதான் வெள்ளையடிச்சாங்கோ. ஆனா டீச்சரம்மா, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? மாட்டாஸ்பத்திரியில போய்த் தங்கினாங்கன்னு...

— என்ன சொல்லுவாங்க? மனுஷங்க கட்டின எடத்துக்கெல்லாம் நான் போய்ப் பாத்துட்டேன் சக்கரபாணி. பேங்குல படி, சினிமாக் கொட்டாயில படி, எங்க கோயில் வாசல்லயே ஆறு படி, பாவசங்கீர்த்தனத்துக்கு ஃபாதர்தான் எறங்கி வந்து மரத்தடியில நிக்கறாரு. கால் வலிக்கற ஒரு ஜீவன் உள்ள வருமேன்னு யோசிச்சுக் கட்டினவன் ஒரே ஒருத்தன்தான். அவன் மாட்டை நினைச்சுக் கட்டியிருந்தா எனக்கென்ன? அந்தச் சரிவுல என் சக்கரம் ஏறுமா, ஏறாதா?

— ஏறும்மா. ஜோரா ஏறும்.

— யாரும் பின்னாலருந்து தள்ளக் கூடாது.

— கிட்டவே வரமாட்டோம்.

— வேணாம் செல்வி, எனக்கு என்னமோ சங்கடமா இருக்குது. நாத்தம் வேற அடிக்கும். நீ பட்டுத் துணி கட்டற பொண்ணு.

— நீ சும்மா இரு தேவநாதண்ணா. உன் கையளவு எல்லாம் சரியாத்தான் இருக்குது. எடத்துப் பேரை மட்டும்தான் தப்பாப் புரிஞ்சுக்கினு வந்துட்ட. பினாயில் ரெண்டு பாட்டிலு வாங்கிக்கலாம், சாம்பிராணி போட்டுக்கலாம். கெங்கம்மாள் மூஞ்சியைச் சுளிச்சா, "அந்த லாட்ஜு ஆளுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கை புடிச்சு உன்னைத் தூக்குவாங்க, சம்மதமா"ன்னு கேக்கறேன்.

— அவ அக்குள் கட்டையாலயே அடிப்பா.

— அதான். சக்கரபாணி, ஒக்காருங்க, டீ சொல்றேன். இப்பவே அந்த டாக்டருக்கு லெட்டர் அடிச்சுடறேன். கார்பன் வெச்சு மூணு காப்பி. "மதிப்பிற்குரிய ஐயா, விழுப்புரம் ஊனமுற்றோர் சங்க உறுப்பினர்கள் ஒன்பது பேர் தங்கள் மருத்துவமனையில்"... சேச்சே, "மருத்துவமனை வளாகத்தில் ஓர் இரவு தங்கி மகிழ"... ஒத்துக்குவாரா அவரு?

— கவர்மெண்ட்டு ஆளும்மா. மேல எழுதிக் கேக்கணும், கீழ எழுதிக் கேக்கணும்னு இழுத்தடிச்சா பேஜாரு. தேதி வேற பக்கத்துல வந்துடுச்சி.

— இழுத்தா நான் நேரா போயிடுவேன். சரிவுலதான் ஏறப் போறேன், எந்தக் கிளார்க்கு தடுப்பான்? ஆனா லெட்டர் முறையாப் போகணும். டாக்டர் பேரு என்ன சக்கரபாணி?

— மாட்டு டாக்டருன்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். பேரு யாருக்குத் தெரியும்?

— பெறுநர்னு அடிச்சுட்டு நிக்கறேன், பேரில்லாம எப்படி?

— கண்ணையன்னு அடி செல்வி.

— கண்ணையனா? உனக்கெப்படித் தெரியும்?

— அடிம்மா. லெட்டரு கூட அவசியம் இல்ல, ஆனா மரியாதைக்கு ஒண்ணு இருக்கட்டும். சனிக்கிழமை பத்து மணிக்கே மாட்டையெல்லாம் அனுப்பிச்சுட்டு, தொட்டியையும் சுண்ணாம்பு போட்டுத் தேச்சு வெச்சிடறேன்னாரு. பொம்பளைங்க வர்றாங்கன்னு, தாய் வீட்டுக்குப் போன சம்சாரத்தையும் முன்னாடியே வரச் சொல்லி எழுதிட்டாரு. சாயந்திரம் எல்லாருக்கும் வஞ்சிர மீனு, சைவம் எத்தனை பேருன்னு மட்டும் சொல்லி அனுப்பச் சொன்னாரு.

— எப்ப சொன்னாரு?

— அன்னிக்கேதான். நான் போன அன்னிக்கே.

— யோவ் தேவநாதா! அப்ப உனக்கு மொதல்லயே...

— நீங்க இருங்க சக்கரபாணி. அண்ணா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அது மாட்டாஸ்பத்திரின்னு உனக்குத் தெரிஞ்சே இருந்துதா?

— ஏம்மா செல்வி, எனக்குப் போனது கண்ணு மட்டும்தான். பதினாலு மாடு ஒண்ணா நின்னு கத்தினா, காதுல விழாமலா போயிடும்?